அட்டையில் வெட்டிய எய்னி

கவுன்டர் என்பது மூன்று வாழைப்பழ அட்டைப்பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முன்பக்கம் "முதியோர், வீட்டுப் பராமரிப்பு" என்று பேனாவால் எழுதியிருந்தோம். ஹில்க்கா அதன் முன்னால் வந்து நின்றபோது கையில் வரிசை எண் சீட்டு ஒன்று இருந்தது. அதுவும் நாங்களே கத்தரித்ததுதான்.

நிஜக் கவுன்டர் அந்த நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதன் பின்னால் ஹில்க்கா இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்தார். அன்றைய பாடம் அவரை முன்பக்கம் வரவைப்பது. ஒரு அலுவலகத்துக்கு வருகிறவர் கதவில் நுழைவது முதல் காரியம் முடிந்து போவது வரை என்னென்ன படுகிறார் என்று பார்த்து, அதைத் திருத்தி அமைப்பதுதான் நான் சொல்லித்தரும் சேவை வடிவமைப்பு. திருத்துவதற்கு முன்னால் நடித்துப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டி போதும்.

"நான் யாரா இருக்கணும்?" என்று ஹில்க்கா கேட்டார்.

"யாரா வேணும்னாலும் இருங்க. வீட்டுல ஒருத்தரப் பாத்துக்கிற ஒருத்தி. அவ்வளவுதான்."

பெட்டிகளுக்குப் பின்னால் ரெய்யோ உட்கார்ந்திருந்தார். பதிவறையைப் பார்த்துக்கொள்பவர், ஐம்பது வயது, எதையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஒண்ணாம் நம்பர் வரலாம். தள்ளாதீங்க, தள்ளாதீங்க, எல்லாரையும் பாப்போம்" என்றார். பயிற்சிக்கு வந்திருந்த மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

"எனக்கு ரெண்டு நாள் வேணும்" என்றார் ஹில்க்கா.

"லீவா? அது எனக்கும்தான் வேணும்."

"மாசத்துல ரெண்டு நாள் யாராவது வந்து அவர்கூட இருக்கணும். சட்டத்துல இருக்குன்னாங்க."

"இருக்கு. ஃபாரம் கொண்டாந்தீங்களா?"

"எழுதினேன். ஏழாவது கேள்வியோட நிறுத்திட்டேன்."

ரெய்யோ மேசையிலிருந்த நிஜப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "பராமரிக்கப்படுபவரைத் தனியாக விட்டு வெளியே பூட்டுவது உண்டா? பூட்டுறீங்களா?"

"பூட்டலன்னா போயிடுவார். போன மாசம் பாலத்து மேல நடு ரோட்டுல நின்னுட்டிருந்தார். அதுக்கப்புறம் அவர் கோட்டுல, வெளிச்சம் பட்டா மின்னுமே, அந்த ரிஃப்ளெக்டர் தச்சுட்டேன். முன்னால ரெண்டு, கைக்கு ஒண்ணு ஒண்ணு, முதுகுல மூணு. எந்தப் பக்கத்துல இருந்து வண்டி வந்தாலும் தெரியணும்ல."

ரெய்யோ கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "அப்ப ஆமான்னு எழுதுங்க."

"ஆமான்னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

ரெய்யோ என்னைப் பார்த்தார். நடிப்பின் நடுவில் பயிற்சி தருபவர் பேசக்கூடாது.

"அடுத்த வாரம் வாங்க" என்றார் கடைசியில். நாங்கள் எல்லோரும் அலுவலகங்களில் கேட்டுப் பழகிய வாக்கியம். ஹில்க்கா சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

முதலில் கைதட்டியது நான்தான்.

பிறகு தக்காளியைத் திருகினேன். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறக்காமல் இருக்க வாங்குகிற மணி அது, தக்காளி வடிவம். பத்து நிமிடம் வைத்தால் பத்தாவது நிமிடம் கிர்ரென்று அடிக்கும். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம். பத்து நிமிடத்தில், மனதில் தங்கியதை ஆளுக்கு ஐந்து மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். பின்பு ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு கொடுத்து, முக்கியமானதன் மேல் வைக்கச் சொன்னேன். "எந்தப் பக்கத்துல இருந்து வண்டி வந்தாலும்" என்ற தாளின் மேல் பொட்டு வைக்க இடமே இல்லாமல் போயிற்று. ஹில்க்கா தன் மூன்று பொட்டுகளையும் "காத்திருக்கும் இடத்தில் காபி" என்ற தாளில் வைத்தார்.

"பாத்தீங்களா? முதுகுல மூணு. மாதிரி ஆள் செஞ்சா இப்படிச் செய்யணும்" என்றேன். பல பேரின் அனுபவங்களைத் திரட்டி ஒரு முகமும் பெயரும் கொடுத்து உருவாக்குவதை மாதிரி ஆள் என்போம். அதற்கு யாருடைய நிஜப் பெயரும் வைக்கக்கூடாது என்பது விதி. எய்னி என்று வைத்தார்கள். வயது அறுபத்தொன்று.

நான் வேதியியல் படித்தவள். ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே படித்தேன். வேலை அங்கே கிடைக்கவில்லை. கிடைத்த வேலையில் நான் பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றார்கள், அதனால் வந்தேன். குடுவையில் எதிர்பாராத நிறம் வந்தால் உடனே குறித்துவை என்று அங்கே சொல்லித்தந்திருந்தார்கள். முதுகில் மூன்று என்பது எதிர்பாராத நிறம். யாரும் அதைக் கற்பனையில் தைக்கமாட்டார்கள். நான் குறித்துக்கொண்டேன். மஞ்சள் தாளில்.

பிரிவின் தலைவி மெர்விக்கு எய்னியை மிகவும் பிடித்துவிட்டது. "இவள ஆள் உயரத்துக்கு அட்டையில வெட்டி வைக்க முடியுமா? எல்லாருக்கும் கண்ணு முன்னாலயே இருக்கணும்" என்று கேட்டார். முடியும். எங்கள் நிறுவனம் அடிக்கடி செய்வதுதான். விலைக்குக் கிடைக்கும் படங்களிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். நரைத்த கூந்தல், நீலக் கோட்டு, யாருடையதும் அல்லாத முகம். வாயருகே ஒரு வெள்ளைக் குமிழியில், "எந்தப் பக்கத்துல இருந்து வண்டி வந்தாலும் தெரியணும்ல." அடுத்த புதன்கிழமை ஹெல்சிங்கியிலிருந்து மூன்று மணி நேரம் ரயிலில், சைக்கிள் வைக்கும் இடத்தில், எய்னி என்னுடன் நின்றபடி வந்தாள்.

கீழ்த்தளத்தில் வரிசை எண் இயந்திரத்தின் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள். ஹில்க்காவின் கண்ணாடிக்கு நேரே, மூன்று மீட்டர் தள்ளி. காலையில் வந்த கிழவர் ஒருவர் அவளுக்கு வணக்கம் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார்கள். ரெய்யோ தன் கழுத்துத் துணியை அவளுக்குச் சுற்றிவிட்டார். "பாவம், வாசல் பக்கத்துல நிக்கிறா. குளிராதா?"

அன்று பதினொன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டேன். ஹில்க்கா எல்லாருக்கும் முன்னால் எழுந்து போனார். எல்லாப் புதன்கிழமையும் அப்படித்தான். மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மீன் சூப் குடிக்கும்போது அவர் காரை எடுத்துக்கொண்டு போவார், சரியாக நாற்பது நிமிடத்தில் திரும்புவார். இந்த முறை கோட்டு மாட்டும் அறையில் எனக்காக நின்றிருந்தார்.

"எய்னிய வேற எங்கயாவது நிறுத்த முடியுமா?"

"ஏன்?"

"என்னையே பாத்துட்டு நிக்கிறா."

"அது ஏன் உங்களுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். ஏன் என்று ஐந்து முறை கேள் என்பது எங்கள் பாடம். மூன்றாவது ஏனுக்குள் காரணம் வெளியே வந்துவிடும் என்பார்கள். எனக்கு இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டது. அவர் கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தைஸ்தோ. என் வீட்டுக்காரர். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். இந்த ஊர்ல பாதிப் பேர் அவர் பஸ்ல போனவங்கதான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, புத்தி நல்லா இருந்தப்பவே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"நடிக்கச் சொன்னது நான்தான். எனக்குத் தெரியல."

"எனக்கு நடிக்க வராது. வாயில வந்ததச் சொல்லிட்டேன். நீங்க கை தட்டினீங்க."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அதனால் என்னால் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை.

"விண்ணப்பம் போடலாமே" என்றேன். நாங்கள் யாருக்கும் வழி சொல்லக்கூடாது. கேட்க மட்டும்தான் வேண்டும். சொன்னேன்.

"அந்த ஃபாரம் என் மேசைக்குத்தான் வரும். சொந்தக்காரங்கன்னா நான் தொடக்கூடாது, மெர்விகிட்டப் போகும். ஏழுல ஆமான்னு இருந்தா மெர்வி அன்னைக்கே மேல எழுதியாகணும். விதி அப்படி. எழுதினா ஆளு வந்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பதினாலு பேருக்கு நானே எழுதியிருக்கேன். அதுல திரும்பி வீட்டுக்கு வந்தவங்க ரெண்டு பேர்."

"இல்லைன்னு எழுதினா?"

ஹில்க்கா என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "பொய் எழுதினா ஏழாவது பதில்ல மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கும். பாத்துப் பாத்து எனக்கு அது பழக்கம். நான்தானம்மா படிக்கிறவ."

பிறகு மணியைப் பார்த்துவிட்டு வெளியே போனார். அவர் கோட்டின் ஓரத்தில் நூலில் ஒற்றை ரிஃப்ளெக்டர் ஆடிக்கொண்டு போயிற்று.

அன்று மாலை மெர்வியிடம் எய்னியை மாடிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "ஏன்?" என்றார் அவர். நான் சொல்லிக்கொடுத்த கேள்விதான். என்னிடம் பதில் இருந்தது. வகுப்பறைச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இங்கே சொன்னது இங்கேயே இருக்கும். "சும்மா" என்றேன். "அப்ப அங்கயே நிக்கட்டும்" என்றார் மெர்வி.

எய்னி நின்றாள். ஹில்க்கா அவளுக்கு எதிரே உட்கார்ந்து நம்பர் கூப்பிட்டார். மாடியில் நான் புதன்தோறும் வந்து, எய்னி எங்கே தடுக்கி விழுகிறாள் என்று பெரிய தாளில் வரையச் சொன்னேன். வீட்டிலிருந்து கவுன்டர் வரை ஒரு கோடு. கோடு ஏழாவது கேள்வியில் முறிந்து நின்றது. யோசனைகள் வந்தன, போயின. மூன்றாவது வாரம் ரெய்யோ, கிண்டல் எதுவும் இல்லாமல், ஒரு தாளை எழுதி அந்த முறிவின் மேல் ஒட்டினார். "ஆமா என்றால் முதலில் உதவிக்கு ஆள் போகட்டும். மேலே எழுதுவது ஒரு மாதம் கழித்து."

"வெளிய பூட்டுறவங்க கெட்டவங்கன்னு நெனச்சுத்தான் இந்தக் கேள்விய வச்சிருக்கோம்" என்றார். "கெட்டவங்க முதுகுல மூணு தைக்க மாட்டாங்க."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். இந்த ஊர்ப் பக்கத்தில் ஆமா என்பதைப் பாதிப் பேர் மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வார்கள். சூடான காபியை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் வரும், குரல் வராது. ஹில்க்கா அதையும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளின் ஓரம் சுவரை விட்டு எழும்பியிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

மெர்வி ஒப்புக்கொண்டால் அது நகர மன்றத்துக்குப் போகும். மன்றம் ஒப்புக்கொண்டால் வசந்தத்திலிருந்து படிவம் மாறும். அப்போது ஹில்க்கா ஏழாவது கேள்விக்கு உண்மையை எழுதலாம். தைஸ்தோ வீட்டிலேயே இருக்கலாம். இதை யோசித்தபடி ரயிலில் மூன்று மணி நேரம் போனேன். தூங்கவில்லை, படிக்கவும் இல்லை. ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது.

கடைசி வகுப்பு நவம்பர் முடிவில். பத்தரைக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்கு முடிவதாக இருந்தது. சாலையில் பனி உறைந்து வழுக்கியதால் மெர்வி இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். எய்னியை அன்றைக்கு மட்டும் மாடிக்குத் தூக்கி வந்து வரைபடத்தின் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், ரெய்யோவின் கழுத்துத் துணியோடு. ரெய்யோதான் பேசினார், நன்றாகப் பேசினார். ஹில்க்கா கதவோரம் உட்கார்ந்திருந்தார். பதினொன்றரை ஆனபோது கோட்டு அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

பதினொன்று நாற்பதுக்கு மெர்வி பேனாவைத் திறந்தார். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா மன்றத்துல முதல் கேள்வி இதுதான் வரும். எத்தனை பேரப் பேட்டி கண்டு எய்னியச் செஞ்சீங்க?"

எல்லோரும் எய்னியைப் பார்த்தார்கள்.

"வில்யா" என்று மெர்வி என்னைப் பார்த்தார். "நீங்கதான முதல் நாள் சொன்னீங்க, பேட்டி இல்லாத மாதிரி ஆள் வெறும் கதைன்னு. நான் எழுதியே வச்சிருக்கேன்."

சொல்லியிருந்தேன். எல்லா ஊரிலும் முதல் நாள் அதைத்தான் சொல்வேன். கதை என்று இப்போது ஒப்புக்கொண்டால் ஏழாவது கேள்வி அப்படியே இருக்கும். நிஜம் என்று சொன்னால், யார் என்று மெர்வி கேட்டாக வேண்டும், அன்றைக்கே எழுதியாக வேண்டும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது நான்தான். ஆய்வுக்கூடத்தின் வெள்ளை ஓடுகள் நினைவுக்கு வந்தன.

"நான்தான், மெர்வி" என்றார் ரெய்யோ. "தினம் வீட்ட வெளிய பூட்டிட்டுத்தான் வர்றேன். உள்ள என் நாய் இருக்கு. அது கையெழுத்துப் போடாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். மெர்வி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, அவ்வளவுதான். "ரெய்யோ, நான் நிஜமாக் கேக்கிறேன். நம்ம ஊர்ல இப்படி ஒருத்தர் இருக்காங்களா, இல்லையா?"

பதினொன்று ஐம்பது. அறையைச் சூடாக்கும் குழாயில் நீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்போது கதவோரத்திலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், காபி உறிஞ்சுவதுபோல.

மெர்வியின் பேனா நின்றது. அவர் தலையைத் திருப்ப ஆரம்பித்தார்.

நான் தக்காளியை எடுத்துப் பூஜ்யத்துக்குத் திருகினேன். மெர்வி வந்ததும் ஒரு மணி நேரத்துக்குத் திருகி வைத்தது, இன்னும் ஐந்து நிமிடம் பாக்கியிருந்தது. அது அடித்தது. அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய சத்தம்.

"சாப்பாட்டு நேரம்" என்றேன்.

"இப்பதான் பேச்சே ஆரம்பிச்சிருக்கு."

"ஏற்கெனவே இருபது நிமிஷம் தாமதம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இந்த நாட்டில் யாரும் சாப்பாட்டு நேரத்தோடு சண்டை போடுவதில்லை. மெர்வி என்னைப் பார்த்தார், தக்காளியைப் பார்த்தார், பிறகு கதவோரத்து நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பேனாவை மூடாமல் மேசைமேல் வைத்தார்.

கோட்டு அறையில் ஹில்க்கா குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் உதவவில்லை, அவருக்குப் பிடிக்காது என்று தோன்றியது. ரெய்யோ வந்தார். கையில் காகிதக் கைத்துணியில் சுற்றிய ஏலக்காய் பன் இரண்டு.

"மேல சர்க்கரை தூவினது. சர்க்கரை இல்லாதத பஸ்லயே ஏத்த மாட்டார்" என்றார். "ஒன்பது வருஷம் அவர் பஸ்லதான், முன் சீட்டுல உக்காந்து போயிருக்கேன்."

ஹில்க்கா வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ரெய்யோ உள்ளே திரும்பிப் போனார். அவர் கதவைத் திறந்தபோது, மெர்வி வரைபடத்தின் முன்னால் தனியாக நின்று எய்னியின் வாய்க் குமிழியைப் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"வண்டில இடம் இருக்கு" என்றார் ஹில்க்கா என்னிடம். "வர்றதுன்னா வா. யாராவது ஒருத்தர் பாக்கட்டும்."

ஒன்பது நிமிடம் ஓட்டினார். நண்பகல், ஆனாலும் எல்லா வண்டிகளும் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. வானம் தாழ்வாக, கழுவாத தட்டின் நிறத்தில் இருந்தது. பாலத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தார். அங்கே ஒன்றும் இல்லை.

வீட்டு முற்றத்தில் கார் விளக்கை அணைக்காமலே இறங்கினார். கதவில் இரண்டு பூட்டு. ஒன்று வழக்கமான உயரத்தில், இன்னொன்று ஹில்க்கா எம்பித் தொடும் உயரத்தில், புதிது. சாவியை எடுத்த பிறகு, திறப்பதற்கு முன்னால், கதவை மூன்று முறை தட்டினார். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே நடை இருட்டாக இருந்தது. நடுவில் சமையலறை நாற்காலி ஒன்று, வாசலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தது. அதில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கோட்டு, தொப்பியோடு, கைகள் இரண்டும் முன்னால் எதையோ பிடித்தபடி.

"கதவ மூடுங்க, குளிர் வருது" என்றார் திரும்பாமல். "எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்" என்றார் ஹில்க்கா.

"ஏறியாச்சா?"

ஹில்க்கா மூச்சை உள்ளே இழுத்தார். பூட்ஸைக் கழற்றாமல், பன்னைக் கையில் பிடித்தபடி, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நானும் நின்றேன். முற்றத்திலிருந்து காரின் வெளிச்சம் திறந்த கதவு வழியாக வந்து அந்த முதுகில் விழுந்தது. விளக்கு தானாக அணைய இன்னும் சில நொடிகள் இருந்தன. அதுவரை மூன்றும் எரிந்தன.